ஜப்பான் கல்யாணத்துக்கு என்ன பாட்டு போடலாம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தம்பி நகோயாவுல வேலை பாக்குறான். ஜப்பான் பொண்ணைத்தான் கட்டிக்கப் போறான், கல்யாணமும் அங்கதான். பாட்டு லிஸ்ட் குடுங்கன்னு மண்டபத்துல கேக்குறாங்களாம். அங்க பிரபலமான நல்ல பாட்டா சொல்லுங்களேன். (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: ரொம்ப சந்தோஷம்மா, தம்பிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க. பாட்டுக்கு முன்னாடி அங்க ரிசப்ஷன் எப்படி நடக்கும்னு சொல்லிடுறேன், ஏன்னா நம்ம ஊரு மாதிரி சாயங்காலம் முழுக்க பாட்டு ஓடிக்கிட்டு ஜனங்க வந்து போய்க்கிட்டு இருக்குற கதை அங்க கிடையாது. ரெண்டு ரெண்டரை மணி நேரம்தான், எல்லாருக்கும் பேர் போட்டு வச்ச இடம், உள்ள வர்றதுக்கு ஒரு பாட்டு, கிளாஸைத் தூக்கி வாழ்த்துற டோஸ்ட்டுக்கு ஒண்ணு, கேக் வெட்ட ஒண்ணு, பொண்ணு நடுவுல டிரஸ் மாத்திட்டு திரும்பி வர்றதுக்கு ஒண்ணு, அம்மா அப்பாவுக்கு எழுதின லெட்டரைப் படிக்கிறப்ப ஒண்ணு, கடைசில வெளிய போறதுக்கு ஒண்ணுன்னு எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு. அதனால பாட்டு பேரை மட்டும் குடுத்தா பத்தாது, எந்த இடத்துலேர்ந்து போடணும்னும் சொல்லணும். கதவு திறக்குறப்ப கரெக்டா பல்லவி எகிறணும், கத்தி கேக்ல இறங்குறப்பவும் அப்படித்தான், சவுண்ட் பாக்குறவர் அதுக்காகவே காத்துக்கிட்டு நிப்பார்.

உள்ள வர்றதுக்கு கிமுரா கயேலாவோட 'பட்டர்ஃப்ளை' போடலாம். 2009ல வந்தது, தன்னோட நெருங்குன தோழி கல்யாணத்துக்காக அவங்க எழுதின பாட்டு, கல்யாண விஷயங்களுக்குன்னே வர்ற ஒரு இதழோட டிவி விளம்பரத்துல வந்து ஊரெல்லாம் பரவிடுச்சு. கொஞ்சம் பழசு வேணும்னா அமுரோ நமியேவோட 'கேன் யூ செலிப்ரேட்', 1997, இருபது லட்சத்துக்கு மேல வித்த பாட்டு, இன்னிக்கு பொண்ணு மாப்பிள்ளையா நிக்கிறவங்களோட அம்மாமாருக்கு அந்த முதல் வரி கேட்டாலே போதும்.

ஆனா ஒரே ஒரு பாட்டுதான் போட முடியும்னா நான் கைய நீட்டுறது நகாஜிமா மியுகியோட 'இதோ'வுக்குத்தான். 1992ல ஒரு ஆல்பத்துல வந்தது, ஒரு கல்யாணத்துக்காகவே எழுதினது, அப்புறம் எத்தனையோ பேர் திரும்பப் பாடிட்டாங்க. நெடுக்கு நூல் நீ, குறுக்கு நூல் நான், ரெண்டும் சேந்து நெய்யிற துணி என்னிக்காவது யாரோ ஒருத்தரை குளிர்லேர்ந்து காக்கும்னு போகும். ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டோம்னு பாடுறதுக்கு ஆயிரம் பாட்டு இருக்கு, ஒண்ணானதுனால மூணாவது மனுஷனுக்கு என்ன பிரயோஜனம்னு கேக்குற பாட்டு எத்தனை இருக்கு சொல்லுங்க. எனக்கு அதுல ஒரு வரி கூட மிச்சமா தெரியல.

கேள்வி: எனக்கு ஜப்பான் பாட்டுன்னா உயிர். ஃப்ரெண்டு கல்யாணம் ஒசாகாவுல. 'நாதா சோசோ', 'ஃபர்ஸ்ட் லவ்', 'லெமன்' மூணும் போடச் சொல்லலாம்னு இருக்கேன். சரியா இருக்குமா? (வாசகர், திருச்சி)

பதில்: தம்பி, மூணும் அருமையான பாட்டு, மூணும் வேண்டாம். 'நாதா சோசோ' மோரியாமா ரியோகோ செத்துப்போன தன் அண்ணனை நினைச்சு எழுதின வரிகள், நட்சுகாவா ரிமி பாடி 2001லேர்ந்து பெருசா ஹிட் ஆச்சு, பழைய ஃபோட்டோ ஆல்பத்தைப் புரட்டிக்கிட்டு அழுவுற பாட்டு அது. உதாதா ஹிகாருவோட 'ஃபர்ஸ்ட் லவ்' 1999, பேரைப் பாத்து ஏமாந்துடாதீங்க, கடைசி முத்தத்துல ஆரம்பிக்கிற பிரிவுப் பாட்டு. யோனேசு கென்ஷியோட 'லெமன்' 2018, அதை எழுதிக்கிட்டு இருக்குறப்பவே அவர் தாத்தா தவறிட்டார், இறந்தவங்களை நினைச்சுப் பாடுறது. மெட்டு இனிமையா இருக்குன்னு வெளியூர்க்காரங்க எடுத்துடுறோம், அங்க உக்காந்திருக்குறவங்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் காதுல விழுமே. பிரியிறது, அறுந்துபோறது, முடிஞ்சுபோறதுன்னு எதையும் மணமேடைல பேசுறவங்க வாயால கூட சொல்ல மாட்டாங்க, அவ்ளோ பாப்பாங்க. உலகத்துக்கே தெரிஞ்ச சகமோட்டோ கியூவோட 'சுகியாகி' பாட்டு இருக்கே, 1963ல அமெரிக்காவுலயே நம்பர் ஒண்ணா வந்தது, அதுவும் கண்ணீர் கீழ விழாம இருக்க மேல பாத்துக்கிட்டு தனியா நடக்குற ஆளோட பாட்டுதான். மெட்டை மட்டும் கேட்டு லிஸ்ட் போடாதீங்க, வரிக்கு என்ன அர்த்தம்னு பொண்ணு வீட்ல ஒருத்தர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க.

உங்களுக்குப் பதிலா ஒண்ணு சொல்றேன். நண்பர்கள் சேந்து பாடுறதுக்குன்னே நாகபுச்சி சுயோஷியோட 'கன்பாய்' இருக்கு, 1980ல வந்தது, 1988ல திரும்பப் பாடி சிங்கிளா விட்டு இன்னும் பெரிய ஹிட் ஆச்சு. நண்பன் கல்யாணத்துக்காக எழுதினதுதான் அதுவும், நீ புறப்படுற பாதை நீளம், தைரியமா போன்னு தோள்ல தட்டுற மாதிரி இருக்கும். உங்க ஃப்ரெண்டுக்கு நீங்க நின்னு பாடுங்க, உச்சரிப்பு முன்ன பின்ன இருந்தாலும் யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

கேள்வி: பொண்ணு லெட்டர் படிக்கிறப்ப எந்தப் பாட்டு? பாட்டி தாத்தாவும் வர்றாங்க, அவங்களுக்கும் ஏதாவது வேணும். (வாசகி, சென்னை)

பதில்: அந்த அஞ்சு நிமிஷம்தான் மொத்த ரிசப்ஷனோட உயிர்ங்க. லைட்டைக் குறைச்சுடுவாங்க, பொண்ணு கைல லெட்டர், பக்கத்துல மாப்பிள்ளை மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார், அந்தக் கோடில கதவு பக்கம் ரெண்டு வீட்டு அம்மா அப்பாவும் வரிசையா நிப்பாங்க. சின்ன வயசுல நடந்த ஏதாவது ஒரு சின்ன விஷயம் வந்தாப் போதும், அப்பா தலையக் குனிஞ்சுக்குவார். அந்த நேரத்துல பாட்டுக்காரி குரலும் பொண்ணு குரலும் மோதக்கூடாது, அதனால வரி இல்லாத பியானோ வெர்ஷன் போடுங்க, சத்தம் இருக்கா இல்லையாங்குற அளவுக்கு வைக்கச் சொல்லுங்க. இகிமோனோககாரியோட 'அரிகதோ' 2010ல காலை சீரியலுக்கு வந்த பாட்டு, எல்லா வயசுக்காரங்களுக்கும் தெரியும். கிரோரோவோட 'மிராய் ஏ' அம்மாவப் பத்தினது, அதுவும் பொருந்தும். லெட்டர் முடிஞ்சு பூங்கொத்து குடுக்குறப்ப வரியோட வர்றது போடலாம், ஹிதோதோ யோவோட 'ஹனமிசுகி' அங்க அப்படியே உக்காரும். அமெரிக்காவுல 2001 செப்டம்பர்ல நடந்த தாக்குதலுக்கப்புறம் எழுதினது, நீயும் உனக்குப் பிடிச்சவங்களும் நூறு வருஷம் இருக்கணும்னு கேக்குற பாட்டு.

தாத்தா பாட்டிக்கு, கோயனாகி ருமிகோவோட 'செத்தோ நோ ஹனயோமே', 1972. உள்கடல்ல ஒரு தீவுலேர்ந்து இன்னொரு தீவுக்கு படகுல போற கல்யாணப் பொண்ணு, விட்டுட்டுப் போற தம்பி, சாயங்கால வெளிச்சம்னு கண்ணு முன்னாடி நிக்கும். செரிஷ் ஜோடி பாடின பொறிவண்டு சம்பாவும் இருக்கு, 1973, காட்டுக்குள்ள சின்ன சர்ச்சுல கல்யாணம், பூச்சிகள்லாம் ஆடுது, பாடின ஆணும் பொண்ணும் அப்புறம் நிஜமாவே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. இன்னும் முன்னாடி போகணும்னா 'தகசாகோ', ஸெயாமி எழுதின 'நோ'ங்குற பழைய ஜப்பானிய பாட்டு நாடகத்துல வர்றது, 600 வருஷப் பழசு, வீட்ல பாடத் தெரிஞ்ச பெரியவர் இருந்தா அவரையே பாடச் சொல்லுங்க, ஸ்பீக்கர்ல போடாதீங்க.

கேள்வி: மண்டபத்துல ஒரிஜினல் சிடிதான் வேணும்கிறாங்க, ஃபோன்லேர்ந்து போடமுடியாதாம். ஏன்? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: காப்பிரைட்தான். பாட்டு எழுதினவங்களோட உரிமையைப் பாத்துக்குற ஜாஸ்ராக்குங்குற அமைப்புக்கு மண்டபம் கட்டணம் கட்டியிருக்கும், அதனால சிடிய வாங்கி அங்க ஒலிக்க வைக்கலாம். ஸ்ட்ரீமிங் ஆப் எல்லாம் நாம தனியா கேக்குறதுக்கு மட்டும்னு போட்டிருக்கும், பர்ன் பண்ணின சிடியும் ஒத்துக்க மாட்டாங்க. பாட்டை வீடியோவுல சேக்கணும்னா அது தனி அனுமதி, ஐசம்னு ஒரு அமைப்பு அதுக்காகவே இருக்கு, அந்த லிஸ்ட்ல இருக்குற பாட்டா பாத்து எடுத்தா மண்டபமே வாங்கிக் குடுத்துடும். கடைசி நேரத்துல ஓடாதீங்க, முன்னாடியே கேட்டு வைங்க.

கேள்வி: எங்க வீட்டு சம்பந்தி ஒகினாவாக்காரங்க. அங்கயும் இதே பாட்டுதானா? (வாசகி, மதுரை)

பதில்: ஒகினாவா ஜப்பானோட தெற்குத் தீவுமா, அங்க வேற மாதிரி, உங்களுக்கு நம்ம ஊரு கல்யாணமாவே தோணும். இருநூறு முன்னூறு பேர் வருவாங்க, 'கக்யாதேஃபூ'ங்குற மங்கள ஆட்டத்தோட ஆரம்பிச்சு, சொந்தக்காரங்க ஆளுக்கொரு ஐட்டம் மேடைல செய்வாங்க. கடைசில சான்ஷின் வாத்தியம் வேகம் பிடிக்கும், 'தோஷின் தோய்' ஆரம்பிச்சுட்டா எல்லாரும் எழுந்து கச்சாஷி ஆடணும். கைய தலைக்கு மேல தூக்கி மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி ஆட்டணும், ஆம்பளைங்கன்னா விரலை மடக்கி, பொம்பளைங்கன்னா விரிச்சு. கூப்பிட்டா வேணாம்னு சொல்லிடாதீங்க, புடவையோட போய் ஆடுங்க.