வெள்ளிக்கிழமைக் கூட்டமும் 72 கட்டளைகளும்

கேள்வி: அண்ணா, நாங்கள் ஏழு பேர் தமிழ் எழுத்துப்பிழை திருத்தும் திறந்த மூல மென்பொருள் ஒன்று செய்கிறோம். வெளியாட்களும் சேரத் தொடங்கியதால் நடத்தை விதிகள் எழுத உட்கார்ந்தோம். ஒரு நண்பன், "எஸ்கியூலைட்காரர் துறவிகளின் விதிகளையே வைத்திருக்கிறார்கள், நாங்களும் கடவுள் பெயரில் தொடங்குவோம்" என்கிறான். இன்னொருவன் மதப் பேச்சே வேண்டாமென்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நான் ஐந்து நேரமும் தொழுகிறவன். எனக்கே எது சரியென்று பிடிபடவில்லை.
- வாசகர், தெமட்டகொடை

பதில்: தம்பி, உங்கள் நண்பன் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறான்.

எஸ்கியூலைட் உங்கள் கைபேசிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளம். ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. சில வணிக வாடிக்கையாளர்களின் பதிவுப் படிவத்தில் 'உங்கள் நடத்தை விதிகள்' என்று ஒரு கட்டம் இருந்ததாம். அதை நிரப்பத்தான் 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தன் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் நாலாம் அதிகாரத்தை எடுத்துப் போட்டார்கள். 72 கட்டளைகள். முதலாவதே கடவுளை முழு இதயத்தோடு நேசி என்பது. அப்புறம் கொலை செய்யாதே, பெருந்தீனி வேண்டாம், தூங்குமூஞ்சியாக இராதே, முணுமுணுக்காதே என்று போகும். (முணுமுணுக்காத புரோகிராமரை இருபது வருடத்தில் நான் கண்டதில்லை.)

2018 ஒக்டோபரில் இது வெளியே பலர் கண்ணில் பட்டுச் சண்டையானது. கடவுளை நம்பாதவனுக்கு இங்கே இடமில்லையா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஹிப் அதன் பெயரை அறநெறி என்று மாற்றினார். யாரும் இதைப் பின்பற்றத் தேவையில்லை, நல்லதென்று நினைக்கக்கூடத் தேவையில்லை, உங்களை இப்படி நடத்துவோம் என்று நாங்கள் தரும் வாக்கு மட்டுமே என்று விளக்கமும் எழுதினார்கள். நடத்தை விதிகளுக்கு, பயர்பொக்ஸ் உலாவியைச் செய்யும் மொஸில்லாவின் வழிகாட்டியை எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று, எஸ்கியூலைட் வெளியாட்களின் நிரலைச் சாதாரணமாக ஏற்பதில்லை. நாலு பேர் இருக்கிற வீட்டில் சாமிப் படம் மாட்டியது மாதிரி. உங்கள் வீட்டுக்கோ ஆட்கள் வந்து போகிறார்கள். விதியென்று எழுதினால், மீறியவரை ஒருநாள் வெளியே அனுப்ப வேண்டி வரும். கடவுளை நேசிக்கவில்லை என்று யாரை அனுப்பப் போகிறீர்கள்? நண்பனுக்கு ஆசையென்றால், தான் எழுதிய கோப்பின் தலையில் தன் பெயரோடு ஒரு வரி போடட்டும். எஸ்கியூலைட் நிரலிலும் உரிமைக் குறிப்பு இருக்க வேண்டிய இடத்தில், நன்மை செய், மன்னி, கொடுப்பதைவிட அதிகம் எடுக்காதே என்ற பொருளில் ஒரு சின்ன ஆசி இருக்கிறது. அதில் கடவுள் பெயர் இல்லை. எனக்கு அந்த 72ஐவிட இதுதான் பிடிக்கும்.

சரி, மதப் பேச்சே வேண்டாம் என்கிற நண்பனுக்கு வருகிறேன். பம்பலப்பிட்டியில் ஒரு மாடி அறையில் எங்கள் குழு கூடிய காலம். மத பேதம் பார்க்கமாட்டோம் என்று விதிகளில் அழகாக எழுதியிருந்தோம். கூட்டம் வெள்ளி மதியம் பன்னிரண்டரைக்கு. ஒரு முஸ்லிம் பொடியன் மூன்று மாதமாக வரவில்லை. 'ஆர்வம் குறைவு' என்று அவன் பெயருக்கு நேரே எழுதியதே நான்தான். அது ஜும்ஆத் தொழுகை நேரம் என்பது எங்களில் ஒருவருக்கும் ஓடவில்லை. பிறகு, லீவுதானே என்று போயா நாளுக்கு, அதாவது பௌர்ணமிக்கு, மாற்றினோம். சிங்களத் தோழி ஒருத்தி வெள்ளை உடுத்திப் பன்சலைக்கு (பௌத்த விகாரைக்கு) போய்விட்டாள். கடைசியில் ஞாயிறு பின்னேரம் நாலு மணி என்று முடிவானது. கோழிக்கொத்தை ஹலால் கடையில் எடுத்தோம், மரக்கறிக்கொத்து இரண்டு பார்சல் தனியாக. இவ்வளவும் விதிகளில் ஏறியது. அந்தப் பொடியன் திரும்பி வந்தான். வந்த முதல் நாளே என் நிரலில் இரண்டு பிழை பிடித்தான்.

அதுசரி, உங்கள் கூட்டம் எப்போது என்று நீங்கள் எழுதவில்லையே?