குனிந்து கல்லெடுக்காதேங்கோ, பிள்ளை

பேர்லினுக்குப் படிக்க வந்து நாலு மாதமான ஒரு பிள்ளை கேட்டிருக்கிறா: “அங்கிள், இங்கே எங்கே பார்த்தாலும் நாய். ஊபான் என்கிற சுரங்க ரெயிலுக்குள் நாய், பார்க்கில் நாய், நான் இருக்கிற வீட்டுப் படிக்கட்டிலும் நாய். சின்ன வயதில் கடி வாங்கினதிலிருந்து எனக்கு நாயென்றால் உயிர் போகும். இதை யாரிடம் முறையிடுவது? இப்போது ஒரு வேகேயில், பலர் சேர்ந்திருக்கிற வீட்டில், மலிவாக அறை கிடைத்திருக்கிறது, அந்த வீட்டிலும் ஒரு நாயாம். போகலாமா? குளிருக்கு எந்த ஜாக்கெட் நல்லது? பகுதிநேர வேலை எப்படித் தேடுவது?”

ஜாக்கெட்டைக் கடையில் போட்டுப் பார்த்து வாங்குங்கோ. வேலை விசயம் என்னை விட உங்களோடு படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் தெரியும். நான் கடைசியாக வேலை தேடினது மதில் விழ முன்னம். ஆனால் நாயைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள். நாற்பது வருடமாக நான் படித்துப் படித்து, இன்னும் பாஸாகாத பாடம் இந்த ஊரில் அது ஒன்றுதான்.

நான் வந்தது 1985. கிழக்கு பேர்லினை ஒட்டின சோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்றிஷ்ஸ்ட்ராஸ நிலையத்தால் மேற்குப் பக்கம் வந்து அகதி என்று கைதூக்கி நின்ற சனத்தில் நானும் ஒருவன். ஹைமில், அதுதான் அகதிகள் விடுதியில், ஒரு அறைக்கு நாலு பேர். வேலை செய்ய அனுமதி இல்லை. பகல் முழுக்க என்னதான் செய்வது? வெடிங் பக்கம் றேபெர்க பார்க்கில் நடப்பேன். ஒரு நவம்பர் மாதம், இலையெல்லாம் விழுந்து நனைந்து கிடந்த பாதையில், கன்றுக்குட்டி அளவு கறுத்த நாய் ஒன்று கயிறில்லாமல் என்னை நோக்கிப் பாய்ந்து வந்தது. ஆளைக் காணோம்.

ஊரில் இதற்கு என்ன வைத்தியம்? குனிகிறதுதானே. கையில் கல் வேண்டியதுகூட இல்லை. எந்தத் தெருநாயும் அந்தக் குனிவுக்கு ஒரு மரியாதை கொடுக்கும், வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு போய்விடும். நானும் குனிந்தேன். இந்த நாய் நின்றது. முன்னங்காலை நீட்டி நெஞ்சை நிலத்தில் வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி வாலைச் சுழற்றியது. குனிவு போதவில்லை என்று நினைத்து, உண்மையாகவே ஒரு கல்லை எடுத்து அதன் காலடியைப் பார்த்து எறிந்தேன். கல் உருண்டு புல்லுக்குள் போனது. நாய் பின்னாலேயே ஓடிப் போய் அதைக் கவ்விக்கொண்டு வந்து, என் சப்பாத்து நுனியில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தது. கல்லில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் தொப்பி போட்ட ஒரு கிழவர் மெதுவாக வந்து சேர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கையால் காட்டினார்: இன்னொருக்கால்! நான் எறிந்தேன். நாய் கொண்டுவந்தது. மறுபடி எறிந்தேன். நிறுத்தினால் என்ன நடக்குமோ என்று பயம், பிள்ளை. அரை மணித்தியாலம் எறிந்திருப்பேன், தோள்மூட்டு கழன்றுவிட்டது. போகும்போது அந்த மனுசன் என் கையைப் பிடித்துக் குலுக்கி நீளமாக ஏதோ சொன்னார். டொச், அதாவது ஜேர்மன் மொழி, தெரியாது என்றாலும் நாய்ப்பிரியனைக் கண்டதில் அவருக்குச் சந்தோசம் என்பது விளங்கியது. அறைக்கு வந்து சத்தி எடுத்தேன்.

ஆகவே முதல் விசயம், குனியாதேங்கோ. இங்கத்தைய நாய்க்குக் குனிவு என்றால் விளையாட்டு. ஓடவும் வேண்டாம், ஓடினால் அது துரத்தும், அதற்கும் அது விளையாட்டுத்தான். கையைத் தலைக்கு மேலே தூக்கினால் கையில் ஏதோ இருக்கிறதென்று பாயும். கத்தவும் கூடாது. பக்கவாட்டில் திரும்பி, கையைத் தொங்கவிட்டு, அதன் கண்ணைப் பார்க்காமல் மரம் மாதிரி நில்லுங்கோ. பெரும்பாலும் மணந்து பார்த்துவிட்டுப் போய்விடும். சொல்வது சுகம், எனக்குத் தெரியும். நெஞ்சு இடிக்கும், இடிக்கட்டும்.

நேரம் மாற்றி நடந்து தப்பலாம் என்று நினைத்தீர்களென்றால், அதையும் நான் செய்து பார்த்துவிட்டேன். விடிய ஐந்து மணிக்கும் நாய் வரும், இரவு பதினொன்றுக்கும் வரும். 2022இலிருந்து சட்டமே இருக்கிறது: நாயை ஒரு நாளைக்கு ஆகக்குறைந்தது இரண்டு தடவை, மொத்தம் ஒரு மணித்தியாலமாவது வெளியே கொண்டுபோக வேண்டும். மழை, பனி, திருநாள் எதுவுமில்லை. அவர்களை நீங்கள் சந்தித்தே தீருவீர்கள்.

இரண்டாவது விசயம்தான் முக்கியம். நாயோடு மல்லுக்கட்டாமல் நாய்க்காரரோடு கதையுங்கோ. தூரத்தில் வரும்போதே, “பிற்ற நேமன் சீ டென் ஹுண்ட் அன் டீ லைன, இஹ் ஹாப அங்ஸ்ட்” என்று சொல்லுங்கோ. தயவுசெய்து நாயைக் கயிற்றில் பிடியுங்கள், எனக்குப் பயம். அந்த அங்ஸ்ட் என்ற சொல்லை முழுங்காதேங்கோ. “ஏன் கட்டாமல் விட்டாய்” என்று தொடங்கினால் சண்டைதான் வரும். பயம் என்றால் பத்துப் பேரில் எட்டுப் பேர் உடனே நாயைக் கூப்பிட்டுப் பிடிப்பார்கள், மன்னிப்பும் கேட்பார்கள்.

மிச்ச இரண்டு பேர் “டேர் டூட் நிஹ்ட்ஸ்” என்பார்கள். ‘அது ஒன்றும் செய்யாது.’ இந்த நாட்டில் நான் முதல் முழுதாகப் படித்த டொச் வசனம் இதுதான். இதற்குத் தம்பி வசனம் ஒன்றும் உண்டு: “டேர் வில் நூர் ஷ்பீலன்”, அது விளையாடத்தான் வருகுதாம். இந்த இரண்டையும் கேட்டால் எனக்கு இப்பவும் இரத்தம் கொதிக்கும். நாய் என்ன செய்யும் என்பதா இங்கே கேள்வி? ஒருநாள் பொறுக்கமுடியாமல் திருப்பிச் சொன்னேன்: “உங்கள் நாய் ஒன்றும் செய்யாது, சரி. நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.” அந்த மனுசி உடனே நாயைக் கட்டினா. டொச்சில் நான் நினைத்ததைச் சரியாகச் சொன்ன முதல் நாள் அது என்று வைத்துக்கொள்ளுங்கோ.

இன்னும் சிலருக்கு “வரி கட்டுகிறோம்” என்ற கதை. கட்டுகிறார்கள்தான். பேர்லினில் முதல் நாய்க்கு வருடம் 120 யூரோ, அடுத்தடுத்த நாய்க்கு 180. ஆனால் அந்தக் காசு நகரத்தின் பொதுக் கணக்குக்குப் போகிறது. நடைபாதையைக் கழுவவும் அல்ல, பார்க்கை எழுதிக் கொடுத்ததற்கான வாடகையும் அல்ல. நாய் இருந்த மலத்தைப் பையில் அள்ளாமல் போகிறவரிடம் நான் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், பலன் இல்லை.

சட்டம் உங்கள் பக்கம் நிறையவே இருக்கிறது. பேர்லினில் படிக்கட்டு, ஊபான், பஸ், கடைகள், ஆட்கள் மட்டும் நடக்கிற வீதி, இங்கெல்லாம் நாய் 1 மீற்றருக்கு மேற்படாத கயிற்றில் இருக்க வேண்டும். பார்க்கில் 2 மீற்றர். பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குள் நாய்க்கு அனுமதியே இல்லை. ஐசிஈ என்ற கடுகதி ரெயினில் பெரிய நாய்க்கு டிக்கெட்டும் வேண்டும், வாய்க்கூடும் வேண்டும். வாய்க்கூட்டைக் கைப்பையில் கொழுவிக்கொண்டு வருகிறவர்களைத்தான் நான் கூடக் கண்டது. இந்தக் கட்டுப்பாடெல்லாம் வெறுமனே வந்ததல்ல. 2000 ஜூனில் ஹம்பேர்க்கில் ஆறு வயதுப் பையன் ஒருவனைப் பள்ளிக்கூட வளவுக்குள் நாய்கள் கடித்துக் கொன்றன. துருக்கிக் குடும்பத்துப் பிள்ளை. அன்றைக்கு எங்கள் வேலைத்தலத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் மாநிலத்துக்கு மாநிலம் சட்டத்தை இறுக்கினார்கள். அடுத்த வருடமே சில சண்டை நாய் இனங்களை நாட்டுக்குள் கொண்டுவரவும் தடை வந்தது.

அதே நேரம் நாய்க்கென்று விட்ட இடத்தில் போய் நின்று நியாயம் கதைக்காதேங்கோ. க்ரூனவால்ட் காட்டில் பெரிய பகுதி அவர்களுக்குத்தான், கயிறில்லாமல் ஓடலாம், அங்கத்தைய ஏரியிலும் நாய் குளிக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம். டெம்பெல்ஹோஃப் பழைய விமான ஓடுபாதைத் திடல் உங்களுக்குச் சரிவரும். நாய்களுக்கு அங்கே தனி வேலி, மற்ற இடத்தில் கயிறு. வெளியாக இருப்பதால் தூரத்தில் வருவதும் தெரியும்.

கடித்துவிட்டால்? முதலில் நாய்க்காரரின் பெயர், விலாசம், பிறகு டொக்டர், பிறகு ஓர்ட்னுங்ஸாம்ற் என்ற பொது ஒழுங்கு அலுவலகம். வெட்கப்பட்டு “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு வராதேங்கோ. எங்கட ஆக்களுக்கு அந்த வியாதி உண்டு. ஆசைக்கு வளர்க்கிற நாய் கடித்தால், பிழை தன்னுடையது இல்லாவிட்டாலும் வளர்ப்பவர்தான் ஈடு கட்ட வேண்டும், சிவில் சட்டம் 833ஆம் பிரிவு. பேர்லினில் அதற்குக் காப்புறுதியும் கட்டாயம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று அம்மா வெருட்டினதை நினைத்து நடுங்கவும் வேண்டாம். அந்த ஊசிக் காலம் போய்விட்டது. நரிகளால் பரவின விசர்நாய் நோய் ஒழிந்ததாக ஜேர்மனி 2008இலேயே அறிவித்துவிட்டது. ஆனாலும் டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

எங்கட ஆக்களைப் பற்றிச் சொன்னால் கோபிப்பார்கள், பரவாயில்லை. கலியாண வீடுகளில் ஒரு மேசையில், “இவங்களுக்குப் பெற்ற பிள்ளையை விட நாய்தான் பெரிசு” என்ற கதை ஓடும். நானும் இருபது வருடம் அந்த மேசையில் இருந்தவன்தான். மற்ற மேசையில், ஊரில் நாயை விறாந்தையிலும் ஏறவிடாத சனம் இப்போது நாலாம் மாடி வீட்டில் ஹஸ்கி வாங்கிவிட்டு, அது கத்துகிறது என்று கீழ்வீட்டுக்காரரோடு சண்டை பிடிக்கும். மூன்றாவது வகைதான் எனக்கு ஆகாது. நாயைக் கண்டதும் பிள்ளையின் கையைச் சுண்டி இழுத்து “நாய்! நாய்!” என்று கத்தி வீதியைக் கடக்கிற தாய்தகப்பன். இங்கே பிறந்த பிள்ளைக்கு வேறு சொத்துக் கிடைக்கவில்லையா?

வீதியைக் கடப்பதில் நானும் சூரன்தான். எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் ஒரு வயதான மனுசி இருந்தா. அவவிடம் ஒரு டக்கல், நீளமான உடம்பு, சாண் உயரக் கால். சிரிக்காதேங்கோ, எனக்கு அதுவும் பயம். மேலே கதவுச் சத்தம் கேட்டால் நான் திரும்ப உள்ளே போய்விடுவேன். வீதியில் கண்டால் மறுபக்கம். அப்படியே ஆறு வருடம். ஒரு டிசம்பர் இரவு அவ கதவு மணியை அடித்தா, தனியாக, நாயில்லாமல். “நான் உங்களுக்கு என்ன பிழை செய்தேன்? என்னைக் கண்டாலே திரும்பிப் போகிறீர்கள். உங்கள் பிள்ளைகளைக்கூட ஒதுக்குகிறீர்கள்.” மனுசியின் உதடு நடுங்கினது. றேபெர்க கிழவர் என் பயத்தைப் பாசமென்று நினைத்தார், இவ வெறுப்பென்று நினைத்திருக்கிறா. நான் இரண்டு பேரிடமும் வாயே திறக்கவில்லை.

“அங்ஸ்ட்” என்றேன். “உங்களில் இல்லை. அதில்.” அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. நான் ஆறடி. “டக்கலுக்கா?” “ஓம், டக்கலுக்கு.” சிரிப்பை அடக்க அவ பட்டபாட்டை இன்றைக்கும் மறக்கமுடியாது. அடுத்த நாளிலிருந்து கதவைத் திறக்க முன்னமே மேலேயிருந்து குரல் வரும்: “அஹ்டுங், ஹுண்ட்!” கவனம், நாய் என்று. நான் கீழே நின்று “டங்க”, நன்றி என்று கத்துவேன். அவ அதைக் கக்கத்தில் தூக்கிக்கொண்டு சுவர்ப்பக்கமாக இறங்குவா. அது என்னைப் பார்க்கும், நான் கூரையைப் பார்ப்பேன். அந்த நாயை நான் ஒருநாளும் தொட்டதில்லை. அவ முதியோர் இல்லத்துக்குப் போகும்போது என் மனுசி அழுதா.

அறை விசயம் மறந்துபோனேன். மலிவு என்று பாயாதேங்கோ. நாய் எந்த அறையில் படுக்கும், உங்கள் கதவு பூட்டுமா, அவர்கள் லீவில் போனால் யார் வெளியே கொண்டுபோவது என்பதைத் தெளிவாகக் கேளுங்கோ. கடைசிக் கேள்வியை மறந்த ஒரு பெடியன் இப்போது விடிய ஆறு மணிக்குப் பையோடு நிற்கிறான். பயம் என்று முதலே சொல்லிவிட்டு, முற்பணம் கட்ட முன்னம் இரண்டு தடவை போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வாங்கோ, நாயும் வீட்டில் இருக்கும்போது.