பள்ளி உளவியலாளர் சமூக நீதிக்காகவும் உழைத்து, தன்னையும் பார்த்துக்கொள்வது எப்படி?

அமெரிக்கப் பள்ளிகளை வைத்துச் சொல்கிறேன். நிர்வாகம் மின்னஞ்சலில் அழைக்கும் யோகா, தியான வகுப்பு எல்லாம் சரி, ஆனால் ஆளைச் சாய்ப்பது வேலைச் சுமைதான். 500 மாணவர்களுக்கு ஒருவர் என்பது அங்குள்ள பள்ளி உளவியலாளர்களின் தேசியச் சங்கத்தின் பரிந்துரை, பல இடங்களில் ஒருவர் தலையில் 1,000-க்கும் மேல்.

சமூக நீதி எங்கே வருகிறது என்றால், எந்தக் குழந்தைக்குச் சிறப்புக் கல்வி தேவை என்று பார்க்க நீங்கள் வைக்கும் சோதனைத் தாளிலேயே வருகிறது. கலிஃபோர்னியாவில் கறுப்பினக் குழந்தைகளை ஐக்யூ மதிப்பெண்ணைக் காட்டி மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் அளவுக்கு மீறித் தள்ளினார்கள், லாரி பி. வழக்கில் 1979-ல் நீதிமன்றம் அதைத் தடுத்தது. இன்றைக்கும், வீட்டில் ஸ்பானிஷ் மட்டுமே பேசும் பையனை ஆங்கிலத்தில் சோதித்துவிட்டு "குறைபாடு" என்று எழுதச் சொன்னால், எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் நீங்கள் ஒருத்தர்தான் மாட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அதற்குத் தெம்பு வேண்டாமா? தனியாகப் போகாதீர்கள், அந்தப் பையனுக்கு ஆங்கிலம் கற்றுத்தரும் மொழி ஆசிரியரிடம் முன்பே பேசி வையுங்கள். எல்லா அநீதியோடும் ஒரே வருஷத்தில் மல்லுக்கட்டாமல் ஒன்றைப் பிடியுங்கள். ஒரு குழந்தை வீட்டில் வாங்கிய அடியைச் சொல்லி அழுத நாளில், புகார் வேலையை முடித்ததும் அடுத்த சோதனைக்கு ஓடாமல் பத்து நிமிஷம் காரிலாவது சும்மா உட்காருங்கள். அப்புறம், கையில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற கணக்கை மாதாமாதம் எழுத்தில் நிர்வாகத்துக்குக் கொடுங்கள். யோகா வகுப்பு மின்னஞ்சலுக்கு அதுதான் சரியான பதில்.