சாப்ளினைப் பற்றி எழுதக் கதையிலிருந்து தொடங்காதீர்கள், சிரிப்பிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: சினிமா படிக்கிறேன். 'சார்லி சாப்ளின் படங்களில் கருப்பொருளும் பாத்திரங்களும்' என்று ஒரு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். ஐந்து படங்கள் பார்த்துவிட்டேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் கதைச் சுருக்கம்தான் வருகிறது. அதைத் தாண்டினால் 'ஏழைகளின் துயரத்தைச் சிரிப்பில் குழைத்துத் தந்தார்' என்ற வரியோடு நின்றுவிடுகிறேன். மேலே எப்படிப் போவது?

பதில்: நீங்கள் நின்றுவிட்ட அந்த வரி தப்பில்லை. ஆனால் அது சாப்ளினின் எல்லாக் காட்சிகளுக்கும் ஒரே மாதிரி பொருந்துகிறது, அதனால் எந்த ஒரு காட்சியையும் விளக்குவதில்லை. நகைச்சுவைப் படங்களில் கருப்பொருள் கதையில் இருப்பதைவிடச் சிரிப்பு கட்டப்பட்டிருக்கும் விதத்தில்தான் அதிகம் இருக்கும். அதனால் கதையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, நீங்கள் சிரித்த இடங்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று கேள்விகள்: இந்த இடத்தில் யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாது? நாடோடி (சாப்ளின் நடிக்கும் பாத்திரம்) எதைக் காப்பாற்றப் பார்க்கிறான்? இந்தச் சிரிப்பால் யாருக்கு நஷ்டம்?

'சிட்டி லைட்ஸ்' (1931) படத்தில் நாடோடியும் பூக்காரப் பெண்ணும் முதலில் சந்திக்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். சாலையில் வண்டிகள் அடைத்து நிற்கின்றன, பக்கத்தில் போலீஸ்காரர். நாடோடி அவர் கண்ணில் படாமல் இருக்க, நிற்கும் ஒரு பெரிய காருக்குள் ஒரு கதவால் நுழைந்து மறு கதவால் இறங்குகிறான். கதவு சாத்தும் சத்தம் கேட்டு, பார்வையில்லாத அந்தப் பெண் இறங்கியவன் பணக்காரன் என்று நினைத்துப் பூவை நீட்டுகிறாள். அவன் காசு கொடுக்கிறான். சில்லறை வாங்குவதற்குள் காரின் உண்மையான சொந்தக்காரர் ஏறிக் கிளம்பிவிட, அவன் சில்லறையைக்கூட எதிர்பார்க்காமல் போய்விட்டதாக அவள் எண்ணுகிறாள். அவனோ அவள் நினைப்பைக் கலைக்க மனமில்லாமல் நுனிக்காலில் நகர்ந்து ஓர் ஓரமாக உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கிண்ணத்தை அலசிய தண்ணீரை அவள் வீசுகிறாள். அது அவன் முகத்தில் விழுகிறது.

மூன்று கேள்விகளையும் இங்கே போட்டுப் பாருங்கள். உண்மை அவனுக்குத் தெரியும், நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவன் காப்பாற்றுவது அவள் மனதில் இருக்கும் அந்தப் பணக்காரனை. அதற்கு அவன் கொடுக்கும் விலை, தான் கண்ணுக்குத் தெரியாதவனாகவே இருந்துவிடுவது. தண்ணீர் முகத்தில் பட்டும் அவனால் ஒரு சத்தம்கூடப் போட முடியாது. படம் முழுவதும் இந்த விலை ஏறிக்கொண்டே போகிறது.

இதற்கு நம்மிடமே ஒரு நல்ல கருவி இருக்கிறது. தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் மெய்ப்பாட்டியல், நகை (சிரிப்பு) பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறது: எள்ளல் (கேலி), இளமை (பிள்ளைத்தனம்), பேதைமை (அறியாமை), மடன். மடன் என்பதை, கேட்டதை ஆராயாமல் மெய்யென்று கொள்வது என்று எடுத்துக்கொள்ளலாம். பூக்காரப் பெண் கதவுச் சத்தத்தைக் கேட்டு நம்பியது அப்படியே இதுதான். 'மாடர்ன் டைம்ஸ்' (1936) படத்தில் லாரியிலிருந்து விழுந்த சிவப்புத் துணியைத் திருப்பிக் கொடுக்க நாடோடி அதை ஆட்டிக்கொண்டே ஓடுகிறான். பின்னால் ஊர்வலம் வந்து சேருவது அவனுக்குத் தெரியாது. தலைவன் என்று கைதாகிறான். இது பேதைமை. 'தி கோல்ட் ரஷ்' (1925) படத்தில் ரொட்டித் துண்டுகளில் முள்கரண்டியைக் குத்தி மேசைமேல் நடனமாடவிடுவது இளமை.

அதே இயல் அழுகைக்கும் நான்கு இடம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இழிவுபடுத்தப்படுவது, இழப்பு, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. உங்கள் நோட்டில் ஒவ்வொரு சிரிப்புக்கும் நகைப் பெயர் ஒன்றையும் அழுகைப் பெயர் ஒன்றையும் எழுதிப் பாருங்கள். பல காட்சிகளில் இரண்டும் ஒரே செயலில் உட்கார்ந்திருப்பதைக் காண்பீர்கள். 'குழைத்துத் தந்தார்' என்று பொதுவாகச் சொன்னீர்களே, எதோடு எதைக் குழைத்தார் என்பதை அப்போது காட்சி காட்சியாகக் காட்ட முடியும்.

அப்புறம், ஒரே பொருளைப் பல படங்களில் தொடர்ந்து போங்கள். நான் சாப்பாட்டைத்தான் எடுப்பேன். 'தி கோல்ட் ரஷ்'ஸில் பசி தாங்காமல் வேகவைத்த ஷூவை விருந்து போலப் பரிமாறுகிறான். நாடாவை முள்கரண்டியில் சுற்றிச் சாப்பிடுகிறான். ஆணிகளை எலும்பைப் போலச் சப்புகிறான். 'தி சர்க்கஸ்' (1928) படத்தில் அப்பாவின் தோளில் இருக்கும் குழந்தையின் கையிலுள்ள ரொட்டியைத் திருட்டுத்தனமாகக் கடிக்கிறான். அப்பா திரும்பினால் உடனே அக்கறையோடு குழந்தையின் வாயைத் துடைத்துவிடுகிறான். பசி இரண்டிலும் இருக்கிறது. ஆனால் இரண்டிலும் நம்மைச் சிரிக்க வைப்பது பசி இல்லை, பசியிலும் அவன் விடாத மரியாதை. இப்போது 'மாடர்ன் டைம்ஸ்'ஸின் சாப்பாடு ஊட்டும் இயந்திரத்துக்கு வாருங்கள். கைகால் அசைக்க முடியாமல் மாட்டப்பட்டிருக்கிறான், இயந்திரம் தறிகெட்டு அவன் வாயில் இரும்பு நட்டுகளைக்கூடத் திணிக்கிறது. நடுநடுவே வாய் துடைக்கும் கை மட்டும் ஒழுங்காக வந்து துடைத்துவிட்டுப் போகிறது! ஷூவைத் தின்னும்போது அவன் கையில் இருந்த மரியாதையை இங்கே இயந்திரம் பறித்துக்கொண்டுவிட்டது. இப்படிப் பார்த்தால் கருப்பொருள் 'வறுமை' என்ற பெரிய வார்த்தையிலிருந்து இறங்கி, 'எதுவும் மிஞ்சாதவன் தன் மதிப்பை எதில் வைத்துக் காப்பாற்றுகிறான்' என்ற கேள்வியாகிறது. இந்தக் கேள்வியோடு உங்களால் பல பக்கங்கள் எழுத முடியும்.

பாத்திரங்களுக்கு 'நல்லவர், கெட்டவர், குணநலன்கள்' என்று பட்டியல் போட வேண்டாம். நாடோடி படம் முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை. அவனைச் சுற்றியிருப்பவர்கள் அவனைப் பார்க்கும் விதம்தான் மாறுகிறது. 'சிட்டி லைட்ஸ்' பணக்காரர் குடித்திருக்கும்போது மட்டும் அவனை நண்பன் என்று கட்டிக்கொள்கிறார். தெளிந்தால் யாரென்றே தெரியாது. பெண், பார்வை இல்லாதபோது அவனைப் பெரிய மனிதனாகப் 'பார்க்கிறாள்'. போலீஸ்காரர் எப்போதும் சந்தேகத்தோடு பார்க்கிறார். இந்த மூவரையும் 'இவனை யார், எப்போது பார்க்கிறார்கள்?' என்ற ஒரே அச்சில் வைத்து எழுதினால் பாத்திர ஆய்வும் கருப்பொருள் ஆய்வும் தனித்தனியாக நிற்காது.

ஒரு சோதனையும் சொல்கிறேன். நீங்கள் எழுதிய காட்சியில் நாடோடியை எடுத்துவிட்டு, மௌனப் படக் காலத்தின் இன்னொரு நகைச்சுவை நடிகரான பஸ்டர் கீட்டனை வையுங்கள். கீட்டனின் ஆள் சிரிக்காத முகத்தோடு இயந்திரத்தோடும் காற்றோடும் மல்லுக்கு நிற்பவன். காரியத்தை முடிப்பதுதான் அவன் கவலை. அவன் வந்தும் காட்சி அப்படியே நின்றால், நீங்கள் எழுதியது மௌனப் படங்களின் பொது இயல்பு, சாப்ளினின் இயல்பு இல்லை. அந்தப் பத்தியைத் திருத்த வேண்டும்.

வாழ்க்கை வரலாற்றைக் குறைவாகப் பயன்படுத்துங்கள். சிறுவயதில் லண்டனில் ஏழைகள் விடுதியில் சாப்ளின் இருந்ததும், தாயார் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டதும் உண்மை. 'தி கிட்' (1921) படத்தில் சிறுவனை அனாதை இல்லத்து வண்டியில் ஏற்றும்போது இது நினைவுக்கு வராமல் இருக்காது. ஆனால் அது காட்சி எங்கிருந்து வந்திருக்கலாம் என்று மட்டும்தான் சொல்லும். காட்சி எப்படி வேலை செய்கிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒலியையும் விட்டுவிடாதீர்கள். பேசும் படங்கள் 1927லேயே வந்துவிட்டன. ஆனாலும் 'மாடர்ன் டைம்ஸ்'ஸில் பேச்சுக் குரல் முதலாளியின் திரை, இசைத்தட்டு, வானொலி என்று கருவிகள் வழியாகத்தான் கேட்கிறது. நாடோடி கடைசியில் வாய் திறந்து பாடும்போது, சட்டைக்கையில் எழுதி வைத்திருந்த வரிகள் பறந்துபோய், அர்த்தமில்லாத சொற்களைப் பாடுகிறான். இது தனி அத்தியாயத்துக்கே தகுதியான விஷயம்.

சரி, எந்தக் காட்சியிலிருந்து எழுதத் தொடங்குவது? 'சிட்டி லைட்ஸ்'ஸின் கடைசிக் காட்சியை எடுங்கள். பார்வை வந்துவிட்ட பெண், கடை ஜன்னலுக்கு வெளியே கந்தலோடு நிற்பவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். முதல் காட்சியில் மடன், இங்கே எள்ளல். இரக்கப்பட்டு அவன் கையில் ஒரு காசை வைக்கும்போது, தொட்ட கையை அவள் விரல்கள் அடையாளம் கண்டுகொள்கின்றன. 'இப்போது பார்க்க முடிகிறதா?' என்று கேட்கிறான். முடிகிறது என்கிறாள். அவள் முகத்தில் இருப்பது நன்றியா, ஏமாற்றமா, அன்பா என்று படம் சொல்லாமலே முடிகிறது. உங்கள் கட்டுரையிலும் அதை ஒன்றாக முடிவுகட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு வாசிப்புக்கும் முகத்தில், கையில், காட்சித் துண்டுகளின் வரிசையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.