கொடுக்கும்போது ஒரு விலை, கழிக்கும்போது ஒரு விலை

தம்பிக்கு,

மதுரையிலிருந்து கொழும்புக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. அதற்குள் பேஸ்லைன் வீதியில் ஒரு முச்சக்கர வண்டி சமிக்ஞை போடாமல் திரும்பி, உங்களையும் பைக்கையும் சாய்த்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். மணிக்கட்டில் மாவுக்கட்டு இருக்கிறது என்கிறீர்கள். அது கழலும்வரை எதிலும் அவசரமாகக் கையெழுத்துப் போட முடியாது. இப்போதைக்கு அதுவும் ஒரு வசதிதான்.

உங்கள் கேள்வி இது: காப்புறுதி நிறுவனம் வண்டியை 'டோட்டல் லாஸ்', அதாவது பழுது பார்ப்பது கட்டுபடியாகாத முழு இழப்பு என்று சொல்லிவிட்டது. சந்தை மதிப்பு என்று 380,000 ரூபாய் தருவார்கள், வண்டியை அவர்களிடம் விட்டுவிட வேண்டும். வண்டியை நீங்களே வைத்துக்கொள்வதென்றால், உடைந்த வண்டியின் விலை 160,000 என்று கழித்துக்கொண்டு 220,000 தருவார்கள். கராஜில் எழுதிக் கொடுத்த மதிப்பீடு 290,000. ஊரில் நடப்பது போலத்தானா இங்கேயும், எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊரில் நடப்பது போல இல்லை. ஊரில் பாலிசி எடுக்கும்போதே ஐ.டி.வி. என்று வண்டியின் காப்பீட்டு மதிப்பாக ஒரு தொகையை எழுதிவிடுகிறார்கள். பழுதுச் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அந்தத் தொகைதான் கணக்கு. இங்கே பாலிசியில் எழுதியிருக்கும் காப்புறுதித் தொகை வெறும் உச்சவரம்பு. விபத்து நடந்த அன்று அந்த வண்டி சந்தையில் என்ன விலைக்குப் போகுமோ அதுவும் இந்த வரம்பும், இரண்டில் எது குறைவோ அதைத்தான் தருவார்கள். விலை ஏறினால் வரம்பு உங்களைத் தடுக்கும். விலை இறங்கினால் சந்தை உங்களைத் தடுக்கும். இரண்டு பக்கமும் நமக்கு நட்டம் வருகிற மாதிரி எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறார்கள் என்று ஒரு கணக்கப்பிள்ளையாக நான் வியந்ததுண்டு.

இதை நான் கற்றுக்கொண்டது 2022இல். விருதுநகரிலிருந்து 2011இல் இங்கே வந்தவன் நான். புறக்கோட்டையில் ஒரு மளிகை இறக்குமதிக் கடையில் கணக்கு எழுதுகிறேன், குடியிருப்பது கொட்டாஞ்சேனையில். என்னிடம் இருந்தது ஓர் இந்தியப் பைக். 2019இல் அதை 250,000 ரூபாய்க்குக் காப்புறுதி செய்தேன். ஒவ்வோர் ஆண்டும் அதே தொகைக்குப் புதுப்பித்தேன், கூட்டினால் கட்டணம் கூடும் என்ற சிக்கனத்தில். 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் ரூபாய் சரிந்தது. ஓடுகிற எந்தப் பழைய பைக்கின் விலையும் கண்முன்னே இரட்டிப்பானது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர் பெட்ரோல் என்று அளந்து கொடுத்த காலம் அது. அப்படியும் பைக் விலை ஏறியது, ஏனென்றால் அந்த 4 லீட்டரில் வேலைக்குப் போய்வர வேறு எதனாலும் முடியாது.

அந்த ஆண்டு அக்டோபர் மழையில் தெமட்டகொடையில் என் வண்டி ஒரு லொறியின் பின்புறத்தில் மோதியது. எனக்குச் சிராய்ப்பு, வண்டிக்கு டோட்டல் லாஸ். மதிப்பீட்டாளர் அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். அந்த வேகத்தைக் குறை சொல்ல மாட்டேன். பத்து நாள் கழித்துக் கணக்கு வந்தது. எனக்குத் தருவது 250,000. உடைந்த வண்டியை நான் வைத்துக்கொண்டால் அதிலிருந்து 140,000 கழிப்பார்கள். அதே வண்டி ஓடுகிற நிலையில் அன்று ஐந்து லட்சத்துக்கு மேல். எனக்கான தொகை 2019இன் விலையில் இருந்தது, கழிக்கிற தொகை மட்டும் 2022இன் விலையில் இருந்தது. அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இது ஒரே நிறுவனத்தின் பழக்கமும் அல்ல.

அதனால்தான் சொல்கிறேன், 380,000ஐப் பார்த்து மனத்தை அலைக்கழிக்காதீர்கள். பேரம் பேச வேண்டிய எண் அந்த 160,000தான். சந்தை மதிப்புக்கு அவர்களிடம் ஓரளவு ஆதாரம் இருக்கும், விளம்பரங்களைக் காட்டுவார்கள். நீங்களும் அதே ஆண்டு, அதே மாடல் விளம்பரங்கள் நாலைந்தைக் காட்டிப் பத்து இருபதாயிரம் ஏற்றலாம், அவ்வளவுதான். உடைந்த வண்டியின் விலை அப்படியல்ல. பாதி ஊகம், பாதி வழக்கம். நிறுவனங்கள் இத்தகைய வண்டிகளை டெண்டர் விட்டு விற்கின்றன. ஆகவே நேராகக் கேளுங்கள்: "இந்த வண்டிக்கு உங்களுக்கு வந்த உயர்ந்த கேள்விவிலை எவ்வளவு? எழுத்தில் தாருங்கள்." எனக்கு அந்தக் கடிதம் கடைசிவரை வரவில்லை. பஞ்சிகாவத்தையில் பழைய வண்டி வாங்கும் இரண்டு கடைகளில் படத்தைக் காட்டி, கடைத்தாளில் விலை எழுதி வாங்கிக்கொண்டு போனேன். ஒருவர் 80,000 எழுதினார், மற்றவர் 85,000. நிறுவனம் 140,000இலிருந்து 90,000க்கு இறங்கியது. மூன்று வாரம், ஐந்து கடிதம், ஒருமுறை கிளை முகாமையாளரோடு கசப்பான தேநீர்.

இனி உங்கள் கணக்கு. 290,000 என்பது எல்லாம் புதிய பாகமாகப் போட்டால் வரும் செலவு. பஞ்சிகாவத்தையில் பழைய ஃபோர்க், டேங்க், விளக்கு என்று தேடி, கூலியும் சேர்த்து 150,000க்குள் முடியும் என்று வைத்துக்கொள்வோம். முடிந்த பிறகு அந்த வண்டி 300,000 போகும், அடிபட்ட வண்டி என்பதால் முழு விலை போகாது. அவர்கள் சொல்லும் 160,000க்கு நீங்கள் எடுத்தால், கையில் வருவது 220,000. செலவு போக 70,000 மிஞ்சும், வண்டியோடு சேர்த்தால் 370,000. வண்டியை விட்டுவிட்டால் 380,000 ரொக்கம், அலைச்சலும் இல்லை. ஆக இந்த விலைக்கு எடுப்பது முட்டாள்தனம். கழிக்கும் தொகையை 110,000க்கு இறக்கினால் அதே கணக்கு 420,000 ஆகிறது. அப்போது எடுக்கலாம்.

ஆனால் அதற்கு முன்னால் சட்டகம். டேங்கும் விளக்கும் கண்ணுக்குத் தெரியும், வளைந்த சேசிஸ் தெரியாது. ஒரு நல்ல பாஸைக் கூட்டிப் போய், இரண்டு சக்கரங்களோடும் நூல் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹேண்டில் கழுத்துப் பகுதியில் வெடிப்போ பெயின்ட் சுருக்கமோ இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். (இங்கே மெக்கானிக்கையும் கொத்தனாரையும் பாஸ் என்பார்கள். முதலாளி என்று நினைத்துப் பணிந்து நின்றவன் நான். டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல், தொழில் தெரிந்தவர் என்று பொருள்.) கழுத்து வளைந்திருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு 380,000ஐ வாங்கிக்கொள்ளுங்கள். வேறொரு வண்டியின் சட்டகத்தை வாங்கிப் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது சொல்வார்கள். சேசிஸ் எண்ணும் பதிவுச் சான்றிதழில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகாத வண்டியோடு வீதித் தடையில் நின்றால், மாற்றிக் கொடுத்த பாஸ் அந்த இடத்தில் இருக்க மாட்டார்.

வண்டியை அவர்களிடமே விடுவதென்றாலும் ஒரு பொறி இருக்கிறது. உரிமை மாற்றப் படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, வாங்குபவர் பெயரை வெறுமையாக விடுவார்கள். இதை இங்கே 'ஓப்பன் பேப்பர்' என்பார்கள். அது நாலு கை மாறி, பெயர் மாற்றப்படாமலே யாரோ ஓட்டிக்கொண்டிருப்பார். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஏட்டில் உரிமையாளர் நீங்கள்தான். பொலிஸார் தேடி வருவதும் உங்களைத்தான், வேலை விசாவில் இருக்கும் வெளிநாட்டவரை. எந்தத் தேதியில் யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்று நிறுவனத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். லீசிங்கில் (நிதி நிறுவனத்தின் தவணையில்) வாங்கிய வண்டியா என்று நீங்கள் எழுதவில்லை. பதிவுச் சான்றிதழில் 'முழு உரிமையாளர்' என்று ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், பணம் முதலில் அங்கே போகும், மிச்சம்தான் உங்களுக்கு. அப்படியானால் மேலே போட்ட கணக்கு முழுவதையும் திரும்பப் போட வேண்டும்.

ஓட்டுநர் அனுமதிப்பத்திரத்தை இங்கே மாற்றிவிட்டீர்கள் என்று எழுதியிருந்ததைப் பார்த்து நிம்மதி. நம் ஊர் உரிமத்தை மட்டும் பையில் வைத்துக்கொண்டு ஓட்டிய ஒருவரின் கோரிக்கையை முதல் நாளே திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். பொலிஸில் முறைப்பாடு பதிந்ததற்கான இலக்கத்தையும் பத்திரமாக வையுங்கள். மணிக்கட்டுக்கான இழப்பீடு அந்த முச்சக்கர வண்டியின் மூன்றாம் தரப்புக் காப்புறுதி வழியாக வர வேண்டியது. அது தனி விவகாரம், வக்கீலிடம் பேசுங்கள். இதோடு சேர்த்து ஒரே தாளில் 'எல்லாவற்றுக்கும் முழுத் தீர்வு' என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

பேச்சு முறிந்தால் போக இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று காப்புறுதி ஒம்புட்ஸ்மன், அதாவது முறைப்பாடுகளைக் கேட்டுத் தீர்த்து வைப்பவர். மற்றொன்று, நிறுவனங்களை மேற்பார்வை செய்யும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. எழுதும்போது 'காப்பீடு' என்று எழுதினாலும் புரிந்துகொள்வார்கள். ஆனால் 'காப்புறுதி' என்று எழுதினால் இந்த ஊர்க்காரன் எழுதியது போல இருக்கும், அதற்கு ஒரு சிறிய மதிப்பு உண்டு. எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. போவேன் என்று மரியாதையாக எழுதிய ஐந்தாவது கடிதத்துக்குத்தான் அவர்கள் இறங்கி வந்தார்கள்.

வண்டியை எடுத்துச் சரி செய்துவிட்டால், பழைய பாலிசி அதோடு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக எடுக்காமல் கராஜ் வாசலைத் தாண்டாதீர்கள். முழுக் காப்புறுதி தருவதற்கு முன் வண்டியைப் பார்க்க வேண்டும் என்பார்கள். சிலர் மூன்றாம் தரப்பு மட்டும்தான் தருவார்கள். இந்தமுறை ஒவ்வோர் ஆண்டும் சந்தை விலையைப் பார்த்துத் தொகையை மாற்றுங்கள். தொகை குறைவாக இருந்தால், டோட்டல் லாஸ் ஆகாத சின்ன விபத்தில்கூட விகிதாசாரமாக வெட்டுவார்கள். ஆறு லட்சம் பெறுமதியான வண்டியை மூன்று லட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், 40,000 பழுதுக்கு 20,000தான் வரும்.

என் பைக்குக்கு 135,000 செலவானது, கையில் 25,000 மிஞ்சியது. இன்றைக்கும் கடைக்கு அதில்தான் போகிறேன். மணிக்கு 50ஐத் தாண்டினால் இடது பக்கம் லேசாக இழுக்கும். பாஸ் அது என் கற்பனை என்கிறார்.

வருகிற வாரம் ஏதாவது ஒரு மாலையில் புறக்கோட்டைப் பக்கம் வாருங்கள். வண்டியின் படங்கள், கராஜ் மதிப்பீடு, பாலிசி மூன்றையும் கொண்டுவாருங்கள். பஞ்சிகாவத்தைக்குச் சேர்ந்தே போகலாம். அதுவரை தொலைபேசியில் யார் கேட்டாலும் சரி என்று சொல்லாதீர்கள், மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அண்ணன்