பெயர் ஒன்று, வாற்று வேறு: கேமிங் மடிக்கணினி வாங்குவோருக்கான பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் இடம் கிடைத்துள்ளது. படிப்புக்கும் விளையாட்டுக்கும் பொருந்தக்கூடிய கேமிங் மடிக்கணினி ஒன்று வேண்டுமென்கிறான். கொழும்பில் இரண்டு விலைமனுக்கள் எடுத்தோம். இரண்டிலும் ஆர்.டி.எக்ஸ். 4060 கிராபிக்ஸ் கார்ட், 16 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. என்றே உள்ளது. மெல்லியதாக, ஐ7 13620எச் புரொசெசருடன் இருப்பது 395,000 ரூபாய். தடித்ததாக, ஐ5 13450எச்.எக்ஸ். புரொசெசருடன் இருப்பது 362,000 ரூபாய். ஐ7 என்பதால் முதலாவதையே எடுக்கும்படி கடைக்காரர் சொல்கிறார். 33,000 ரூபாய் கூடக் கொடுப்பது தகுமா?
ஒரு தந்தை, மல்லாவி

பதில்: தகாது, ஐயா. நீங்கள் அனுப்பிய விபரங்களை வைத்துப் பார்த்தால் தடித்த இயந்திரத்தையே நான் எடுப்பேன். ஆனால் அதற்கு முன், இரண்டு விலைமனுக்களிலும் எழுதப்படாத ஒரு விடயத்தைக் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். விளையாட்டின் காட்சிகளைத் திரையில் வரையும் கிராபிக்ஸ் கார்டுக்கு அந்த மடிக்கணினி எத்தனை வாற்று மின்வலுவைக் கொடுக்கிறது என்பதே அது.

மேசைக் கணினிக்கான கார்ட் ஒன்றை எந்தக் கடையில் வாங்கினாலும் அதன் வலு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். மடிக்கணினியில் அப்படியல்ல. மடிக்கணினிக்கான 4060 கார்டை 35 வாற்றிலிருந்து 115 வாற்று வரை எந்த அளவிலும் பொருத்துவதற்கு என்விடியா நிறுவனம் இடமளித்துள்ளது. புரொசெசருக்கு வேலை குறைந்திருக்கும் வேளையில் அதன் பங்கிலிருந்து சிறிது எடுத்துக்கொண்டு 140 வாற்று வரை ஓடும் இயந்திரங்களும் உள்ளன. மெல்லிய உடலுக்குள் வெப்பத்தை வெளியேற்ற இடம் போதாது என்பதால், தயாரிப்பாளர் வாற்றைக் குறைத்தே பொருத்துவார். பெட்டியின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் 4060 என்ற இலக்கம் மட்டும் மாறாது. குறைந்த வாற்றில் ஓடும் 4060 கார்டை, அதற்கு ஒரு படி கீழேயுள்ள 4050 கார்ட் முழு வாற்றில் ஓடி எட்டிப் பிடித்துவிடுவதும் உண்டு. எனவே கூடுதல் பணம் கொடுத்துக் குறைந்த வேகத்தை வாங்கும் நிலை உங்கள் மகனுக்கு ஏற்படலாம். மறுபுறத்தில், 4060 கார்ட் 100 வாற்றைத் தாண்டிய பின்னர் பெரிதாக முன்னேறுவதில்லை என்பதால், 140 வாற்று என்ற விளம்பரத்துக்காகவும் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இதைக் கண்டறிவதற்கு வல்லுநர் எவரும் தேவையில்லை. மடிக்கணினியின் முழு மாதிரி இலக்கத்தைக் கேட்டு வாங்கி, தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் பார்த்தால் வாற்று அளவு பெரும்பாலும் குறிப்பிடப்பட்டிருக்கும். கடையில் இயந்திரத்தை இயக்கிக் காட்டுவார்களானால், என்விடியா கொன்ட்ரோல் பனலில் உள்ள சிஸ்டம் இன்பர்மேஷன் பகுதியில் ஆகக்கூடிய கிராபிக்ஸ் வலு இத்தனை வாற்று என்று ஒரு வரி இருக்கும். அதற்கும் வழியில்லையென்றால் சார்ஜரைப் புரட்டிப் பாருங்கள். அதன் அடியில் வெளியீடு 20 வோல்ற்று, 11.5 அம்பியர் என்று அச்சிட்டிருந்தால், இரண்டையும் பெருக்க 230 வாற்று வரும். புரொசெசரும் கார்டும் ஒரே நேரத்தில் முழு வலுவோடு ஓட அது போதும். 120 அல்லது 150 வாற்று சார்ஜருடன் வரும் 4060 இயந்திரத்தால் அது இயலாது.

ஐ7 என்ற பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் விலைமனுக்களில் உள்ள இரண்டு புரொசெசர்களிலும் ஆறு பெரிய கோர்களும் (கணக்கிடும் அலகுகள்) நான்கு சிறிய கோர்களுமாகப் பத்துக் கோர்களே உள்ளன. ஐ7 இன் உச்ச வேகம் சிறிதளவு கூட என்பது உண்மைதான். ஆனால் விளையாட்டிலோ, பொறியியல் மாணவர்கள் பயன்படுத்தும் ஓட்டோகாட், சொலிட்வேர்க்ஸ் போன்ற மென்பொருட்களிலோ 33,000 ரூபாய்க்குரிய வேறுபாடாக அது தெரியாது. ஏ.எம்.டி. புரொசெசர்களிலும் இதே கவனம் தேவை. ரைசன் 7 7735எச்.எஸ். என்பது பெயரில் 7000 வரிசையைச் சேர்ந்ததாக இருந்தாலும், உள்ளே இருப்பது அதற்கு முந்திய தலைமுறை வடிவமைப்பு, 7840எச்.எஸ். உடன் அதை ஒப்பிட முடியாது. அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம் 3 ஆக இருந்தால் பழையது, 4 ஆக இருந்தால் புதியது.

தடித்த இயந்திரத்தை எடுப்பதென்றால் வேறு இரண்டு கேள்விகளையும் கடையில் கேளுங்கள். முதலாவது, 16 ஜி.பி. ராம் ஒரே துண்டாக உள்ளதா, இரண்டு எட்டுகளாக உள்ளதா என்பது. ஒரே துண்டாக இருந்தால் விளையாட்டில் வேகம் கண்கூடாகக் குறையும். முன்பென்றால் பின்னர் ஒரு துண்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பேன். 2025 இன் இறுதியிலிருந்து உலகச் சந்தையில் ராம் விலை வேகமாக ஏறியிருப்பதால், பேரம் பேசும் வேளையிலேயே இரண்டு துண்டுகளாகக் கேட்டுப் பெறுவது நல்லது. இரண்டாவது, திரை. அது காட்டக்கூடிய நிறங்களின் அளவு 45 சதவீத என்.டி.எஸ்.சி. என்று குறிப்பிட்டிருந்தால் நிறங்கள் வெளிறித் தெரியும். விளையாட்டுக்கும் வரைபட வேலைக்கும் அது பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைதான். மகன் வீடியோ எடிட்டிங் அல்லது வடிவமைப்புச் செய்து உழைக்க எண்ணுவாரானால் 100 சதவீத எஸ்.ஆர்.ஜி.பி. திரைக்குச் சிறிது கூடக் கொடுக்கலாம். அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு.

கடைக்காரர் 4070 க்குப் போகச் சொன்னால் தயங்குங்கள். மடிக்கணினிக்கான 4060, 4070 இரண்டிலும் கிராபிக்ஸ் நினைவகம் 8 ஜி.பி. தான். புதிய 5060, 5070 மடிக்கணினிக் கார்டுகளிலும் அதே 8 ஜி.பி. என்பதால், ஒரு படி மேலே போவதற்குக் கேட்கப்படும் விலைக்கு ஏற்ற பலன் கிடைப்பதில்லை.

கேள்வி: பாரிஸில் இருக்கும் மாமா விடுமுறைக்கு வரும்போது கேமிங் லப்டொப் ஒன்று கொண்டுவருவதாகச் சொல்கிறார். கொழும்பு விலையை விட அங்கே குறைவாக உள்ளது. இது நல்லதா?
மாணவர், வவுனியா

பதில்: தம்பி, இலங்கையில் 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதமாக உள்ளது, அதனுடன் இறக்குமதியாளரின் இலாபமும் ரூபாயின் பெறுமதி வீழ்ச்சியும் சேரும்போது வெளிநாட்டு விலை குறைவாகத் தெரிவது இயல்பே. ஆனால் விலையை ஒப்பிடும்போது உத்தரவாதத்தையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். பல மடிக்கணினிகளின் உத்தரவாதம் விற்கப்பட்ட நாட்டுக்கு அல்லது பிராந்தியத்துக்கு மட்டுமே உரியது. பிரான்ஸில் வாங்கிய இயந்திரத்தின் மதர்போர்ட் வவுனியாவில் பழுதானால், அது மாமாவுடன் திரும்பிப் பறக்க வேண்டும், அல்லது முழுச் செலவும் உங்களுடையதாகும். சர்வதேச உத்தரவாதம் தரும் வரிசைகளும் உள்ளன என்பதால், மாமா பணம் செலுத்துவதற்கு முன் அந்த மாதிரிக்கு இலங்கையில் சேவை உண்டா என்பதைத் தயாரிப்பாளரிடமே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று பலருக்கும் பிந்தித்தான் தெரியவருகிறது. பிரான்ஸில் விற்கப்படும் மடிக்கணினிகளின் விசைப்பலகையில் எழுத்துக்களின் இடமே வேறு. நாம் பழகிய கியூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருக்கும். ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் வை (Y), இசட் (Z) ஆகிய எழுத்துக்கள் இடம் மாறியிருக்கும். விண்டோஸில் அமைப்பை மாற்றலாம். விசையின் மேல் அச்சிட்ட எழுத்து மாறாது. சார்ஜரைப் பற்றிக் கவலை வேண்டாம். 100 முதல் 240 வோல்ற்று வரை ஏற்கும் என்று அதில் எழுதியிருந்தால் செருகி வயரை மட்டும் இங்கே மாற்றினால் போதும். மடிக்கணினியைச் சரக்குப் பொதியில் போடாமல் கைப்பையிலேயே கொண்டுவரும்படி சொல்லுங்கள்.

என் கருத்து: சேமிப்பு 50,000 ரூபாய்க்குக் குறைவென்றால் இங்கேயே வாங்குங்கள்.

கேள்வி: பயன்படுத்திய ஆர்.டி.எக்ஸ். 3060 மடிக்கணினி ஒன்று 185,000 ரூபாய்க்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
வாசகர், கிளிநொச்சி

பதில்: மடிக்கணினிக்கான 3060 வெளிவந்தது 2021 இன் தொடக்கத்தில். கிரிப்டோ நாணயம் தோண்டுவதற்காக இரவு பகலாக ஓடவிடப்பட்ட மடிக்கணினிகளும் அக்காலத்தவையே என்பதால், விற்பவர் யார் என்பதை முதலில் விசாரியுங்கள். தரவுகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. எத்தனை மணித்தியாலம் ஓடியுள்ளது என்பதைக் கிறிஸ்டல்டிஸ்க்இன்போ என்ற இலவச மென்பொருள் காட்டிவிடும். சில மாதங்களே பாவித்தது என்று சொல்லப்படும் இயந்திரத்தில் அந்த எண் பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தால் பேச்சை அத்துடன் நிறுத்துங்கள். விண்டோஸ் தரும் பற்றரி அறிக்கையில், தொழிற்சாலைக் கொள்ளளவும் இப்போதைய முழுக் கொள்ளளவும் அருகருகே இருக்கும். பாதிக்கு இறங்கியிருந்தால் புதிய பற்றரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். டச்பாட் சிறிது மேலெழும்பி நின்றால் கீழே பற்றரி வீங்கியிருக்கலாம். அதை வாங்க வேண்டாம்.

அடிப்பக்கத்து ஆணித் தலைகள் தேய்ந்திருக்கின்றனவா, மூடியைத் திறக்கும்போது பிணைச்சல் பக்கம் வெடிப்பு ஓடியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சார்ஜரைச் செருகிய நிலையில் பாரமான விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓடவிடுவதே இறுதிச் சோதனை. முதல் ஐந்து நிமிடம் எல்லா இயந்திரங்களும் நன்றாகத்தான் ஓடும். இருபது நிமிடத்தின் பின் வேகம் விழுந்தால் உள்ளே தூசி அடைத்திருக்கும், அல்லது வெப்பக் களிம்பு காய்ந்திருக்கும். இவை இரண்டும் திருத்தக்கூடியவை. அரை மணி நேரம் ஓடவிட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வீடு தகரக் கூரை. மின்சாரமும் அடிக்கடி கூடிக் குறைகிறது. விலை கூடிய மடிக்கணினி தாக்குப்பிடிக்குமா?
வாசகி, முல்லைத்தீவு

பதில்: தாக்குப்பிடிக்கும். ஆனால் நம் பக்கத்தில் இயந்திரத்தைக் கெடுப்பவை எவை என்பதை வாங்கும்போதே எண்ணிக்கொள்ள வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நுண்ணிய தூசி விசிறிக்குள் போய்த் தங்கிவிடுகிறது. தடித்த உடலும் அகன்ற காற்றுத் துவாரமும் உள்ள மாதிரியை எடுத்து, கட்டில் மெத்தையிலோ பாயிலோ வைக்காமல், மேசையில் பின்பக்கத்தைச் சிறிது உயர்த்தி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை திறந்து துடைக்கக் கொடுங்கள். அதற்கு முன், உத்தரவாதக் காலத்தில் வெளியாரிடம் திறக்கக் கொடுக்கலாமா என்று விற்ற கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மடிக்கணினிக்கு யூ.பி.எஸ். தேவையில்லை, அதற்குள்ளேயே பற்றரி இருக்கிறது. திடீரென உயரும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் தரமான செருகுப் பலகையும், சரியான நில இணைப்புள்ள செருகுதுளையுமே தேவை. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி முழங்கத் தொடங்கியதும் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடைகள் தரும் பற்றுச்சீட்டின் அடியில் உள்ள சிறிய எழுத்துக்களை வாசித்துப் பாருங்கள். மின்னல், மின்னழுத்த ஏற்ற இறக்கம், எரிந்த அடையாளம், துரு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்றும், ஒரு வருட உத்தரவாதம் என்பது 350 நாட்கள் என்றும் அங்கே பல கடைகள் அச்சிட்டிருக்கின்றன. கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் தொலைவில் இருக்கும் நாம் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: பழுதான இயந்திரத்தை வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ ஒப்படைக்க முடியுமா, இல்லையென்றால் அனுப்பும் செலவு யாருடையது? பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். தொடர் இலக்கம் அதில் இருக்க வேண்டும். சொன்ன வாக்கைக் கடை மீறினால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். அந்தப் பற்றுச்சீட்டே உங்கள் சாட்சி.

கேள்வி: உயர்தரம் படிக்கும் மகன் கேமிங் லப்டொப் கேட்டு அடம்பிடிக்கிறான். காசுக்கு 320,000 ரூபாய் என்கிறார்கள். மாதம் 31,500 ரூபாய் வீதம் பன்னிரண்டு தவணையிலும் தருவார்களாம். வட்டி இல்லை என்றும் சொல்கிறார்கள். எடுக்கலாமா?
ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, 31,500 ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 378,000 வருகிறது. காசு விலையை விட 58,000 ரூபாய் கூட. வட்டி என்ற சொல் கடதாசியில் இல்லாவிட்டாலும் அந்தப் பணம் உங்களிடமிருந்துதான் போகும். கடன் தவணைகளால் நம் ஊர்க் குடும்பங்கள் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

மகனிடம் அவர் விளையாடும் விளையாட்டு எதுவென்று கேளுங்கள். வலோரண்ட், டோட்டா 2 போன்றவையென்றால், அவற்றுக்கு இவ்வளவு வலுவான இயந்திரம் தேவையே இல்லை, ஆர்.டி.எக்ஸ். 3050 கார்டே தாராளம். அவர் இன்னும் இரண்டு வருடம் வீட்டிலிருந்து படிப்பவரென்றால் மேசைக் கணினியே சிறந்தது. அதே வேகம் குறைந்த விலைக்குக் கிடைக்கும், ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் கிளிநொச்சியிலேயே மாற்றலாம், பல்கலைக்கழகம் கிடைத்த பின் அதை விற்று மடிக்கணினிக்குப் பணம் சேர்க்கவும் முடியும். மகன் இதற்கு உடன்பட்டால், உங்களால் கையிலிருந்து கொடுக்கக்கூடிய தொகையை எழுதி அனுப்புங்கள். அந்தத் தொகைக்குள் எந்தெந்தப் பாகங்களை எடுக்கலாம் என்பதை அடுத்த இதழில் தருகிறேன்.