டிஸ்க் தொலைந்தால் போகட்டும், ஃபோட்டோ போகக் கூடாது

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 7. ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய் வந்தது. அதிலிருந்து கறுப்புத் திரையில் 'பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்று நிற்கிறது. ரெக்கவரி டிஸ்க்குகள் வீடு மாறியபோது தொலைந்துவிட்டன. கடையில் ஃபார்மட் போட வேண்டும், உள்ளே இருப்பது போய்விடும் என்கிறார்கள். மறைந்த என் கணவர் டைப் செய்த குலதெய்வக் கோயில் வரலாறும், பேரப்பிள்ளைகளின் ஃபோட்டோக்களும் அதில்தான் இருக்கின்றன.
– வாசகி, செக்கானூரணி

பதில்: அம்மா, ஃபார்மட்டுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். விண்டோஸைக் கிளப்பிவிடும் சின்னக் கோப்பு ஒன்று கிடைக்கவில்லை, அந்த வரிக்கு அவ்வளவுதான் அர்த்தம். உங்கள் கணவர் எழுதியது அப்படியே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

பென்டிரைவ் ஏதாவது செருகியிருந்தால் பிடுங்கிவிட்டு ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். பயாஸில் (விண்டோஸ் கிளம்பும் முன்பே கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்குகளைக் காட்டும் திரை) தேதி தப்பாகக் காட்டினால், மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருக்கும். கரண்ட் போனதும் செட்டிங் எல்லாம் மறந்துபோயிருக்கும். பேட்டரியை மாற்றி, எதிலிருந்து முதலில் கிளம்ப வேண்டும் என்று சொல்லும் பூட் வரிசையில் ஹார்டு டிஸ்க்கை முதலில் வைத்தாலே சில சமயம் சரியாகிவிடும்.

ஆகாவிட்டால் ரிப்பேரை அப்புறம் பார்க்கலாம், கோப்புகளை முதலில் எடுங்கள். விண்டோஸ் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் மின்ட் இலவசம். தெரிந்த பையன் யாரிடமாவது சொல்லி, வேறு கம்ப்யூட்டரில் அதை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து உங்கள் கம்ப்யூட்டரைக் கிளப்பச் சொல்லுங்கள். ஹார்டு டிஸ்க்கில் எதையும் மாற்றாமலே உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். திரையில் 'இன்ஸ்டால்' என்று ஒரு ஐகான் இருக்கும், அதைத் தொடவே கூடாது. 'யூசர்ஸ்' ஃபோல்டரை முழுதாக வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். டி டிரைவ் இருந்தால் அதையும்.

இன்னொன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கோயில் வரலாறு பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் இருந்தால், அந்த ஃபான்ட் இல்லாமல் படிக்க முடியாது. 'அம்மா' என்ற சொல் ஆங்கில எழுத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. அதனால் 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். பிறகு நிதானமாக, தனி ஃபான்ட் தேவைப்படாத யூனிகோடு எழுத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்தால் மீட்கக்கூடியதும் போய்விடும். டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் காட்ட மதுரைக்கு வருவதாக இருந்தால் சிபியு முழுவதையும் பஸ்ஸில் தூக்கி வர வேண்டாம். ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

காப்பி எடுத்து, ஃபோட்டோக்களை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகுதான் ரிப்பேர். விண்டோஸ் 7 ஓடும் வேறு கம்ப்யூட்டர் கிடைத்தால் அதிலேயே 'சிஸ்டம் ரிப்பேர் டிஸ்க்' போட்டுக்கொள்ளலாம். 32 பிட்டுக்கு 32, 64-க்கு 64 என்று பொருந்த வேண்டும். கம்பெனி ஹார்டு டிஸ்க்கிலேயே ஒரு ரெக்கவரி பகுதி வைத்திருக்கவும் கூடும். அதைத் திறக்க, ஆன் செய்தவுடன் எச்பி என்றால் எஃப் 11 பொத்தான், ஏசர் என்றால் ஆல்ட்டோடு எஃப் 10. இது சி டிரைவைத் துடைத்துப் புதிதாக்கிவிடும் என்பதால் கடைசியில்தான் அழுத்த வேண்டும்.

விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. மீண்டாலும் அதில் பேங்க் வேலை வேண்டாம் அம்மா.

கேள்வி: விண்டோஸ் 10 லேப்டாப் வாங்கியபோது டிஸ்க்கே தரவில்லை. நாளைக்குக் கெட்டுப்போனால்?
– வாசகர், திருமங்கலம்

பதில்: டிஸ்க் தேவையில்லை. விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் அதன் கீ மதர்போர்டிலேயே இருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் உள்ள 'மீடியா கிரியேஷன் டூல்' கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் இன்ஸ்டால் கோப்புகளை இப்போதே ஏற்றி வையுங்கள். பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும், காலியானதாகப் பார்த்து எடுங்கள். லேப்டாப்பில், டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். அது இல்லையென்றால் நான் மேலே சொன்ன லினக்ஸ் வழியும் உங்களுக்குத் திறக்காது.